ரீசெட்டுக்கு 'மீட்டமை' வேண்டாம்: 'துடைத்தமை', 'கரைசேர்' இரண்டையும் முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட் என்பதற்குத் தமிழில் 'மீட்டமை' இருக்கட்டும் என்று, போன வாரம் நம் கணினிச் சொற்பட்டியல் பற்றிப் பேசியபோது சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தக் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். காசிமேட்டில் நடந்த ஒரு விஷயம்தான் காரணம்.

மீன் ஏலக் கணக்கு எழுதும் அக்கா ஒருவரின் கணினி திங்கட்கிழமை காலை எழவில்லை. விசிறி சுற்றுகிறது, திரையில் சின்னம் வருகிறது, அப்புறம் நீலத்திரை. படகுக்காரர்களுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நான் எப்போதோ எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்தார். "தம்பி, கடைசியில மீட்டமைன்னு போட்டிருக்கியே, அதைக் கொடுத்தா கணக்கெல்லாம் திரும்ப வந்துடுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கேட்டதில் தவறே இல்லை. அடகு வைத்த நகையை மீட்கிறோம். மீட்டால் பொருள் கைக்கு வரும். அதே குறிப்பில் மேலே, அழிந்த கோப்பைத் திரும்பப் பெறுவதற்கு 'மீட்டெடு' என்று எழுதியிருக்கிறேன். ஒன்று கோப்பைத் தருவது, மற்றது கோப்பை அழிக்கக்கூடியது. இரண்டுக்கும் ஒரே 'மீட்டு'. பதறிக்கொண்டிருப்பவர் எப்படிப் பிரித்துப் படிப்பார்?

தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்த்தேன். விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினேன். 'நிறுவு' என்பதைத் தொடாமல் 'முயன்று பார்' என்பதைக் கொடுத்தால் அது ரேம் எனும் தற்காலிக நினைவகத்திலேயே ஓடும். நாமாக எதையும் எழுதாதவரை வன்தட்டு அப்படியே இருக்கும். கணக்குக் கோப்புகள் பத்திரமாக இருந்தன. அவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, இரண்டு மூன்றைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் விண்டோஸைச் சரிசெய்யத் தொடங்கினேன். வட்டு விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டிருக்கும். நல்லவேளையாக இங்கே பூட்டு இல்லை. வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்திருந்தால் உடனே அணைத்திருப்பேன். அந்த நிலையில் வட்டுச் சோதனை நிரலை ஓடவிடுவதே மிச்சத்தையும் கெடுத்துவிடலாம்.

சரிசெய்வதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்து வைக்கும் இந்த முதல் வேலைக்கு நம்மிடம் பெயரே இல்லை. 'தரவு மீட்பு' என்றால் அழிந்ததைத் தோண்டி எடுப்பது. இங்கே எதுவும் அழியவில்லை, கோப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஏறியிருக்கும் வண்டிதான் நின்றுவிட்டது. நடுக்கடலில் இன்ஜின் நின்ற படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வருகிறது. வந்ததும் முதலில் மீனை இறக்குவார்கள், இன்ஜினை அப்புறம்தான் பிரிப்பார்கள். ஐஸ் கரைவதற்குள் மீன் இறங்கியாக வேண்டும். அதனால் 'கரைசேர்' என்று முன்வைக்கிறேன். "முதலில் கோப்புகளைக் கரைசேர்த்துவிடுங்கள்" என்று அக்காவிடம் சொன்னேன், விளக்கம் கேட்கவில்லை.

ரீசெட்டுக்கு 'துடைத்தமை'. துடைத்துவிட்டு அமைப்பது என்று சொல்லே எச்சரித்துவிடுகிறது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். கடவுச்சொல்லை ரீசெட் செய்யும்போது எதைத் துடைக்கிறோம்? எதையும் இல்லை. அங்கே 'மாற்றியமை' போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டியதில்லை. அடுத்தது, விண்டோஸ் ரீசெட்டில் சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவும் இருக்கிறதே என்பது. உண்மைதான். ஆனால் அதிலும் நாம் நிறுவிய நிரல்கள் போய்விடும். அந்தக் கணக்கு நிரல் தன் கோப்பைத் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தது. அந்தத் தெரிவை நம்பியிருந்தால் கணக்கும் சேர்ந்தே போயிருக்கும். ஆகவே இங்கும் 'துடைத்தமை' பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

'கரைசேர்ப்பு' என்று பெயர்ச்சொல்லாக எழுதும்போது எனக்கே கொஞ்சம் நெருடுகிறது. 'கரைசேர்த்தல்' நீளம். மெனுவில் அடங்கும்படி குட்டையாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை 'மீட்டமை' என்பதை மட்டுமாவது நம் சொற்பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். அக்காவின் குறிப்பில் இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.