பறக்கக் கற்றுத்தரும் ஸ்குவாட்ரனுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனுப்புநர்: ஆசிரியை, பீடோங்

வணக்கம். எங்கள் இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கழகக் கண்காட்சிப் பதாகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ஒரு பதாகையில் மட்டும் சிக்கிக்கொண்டோம். அமெரிக்க வான்படையின் 99ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் வரலாறு அது. கறுப்பினத்தவருக்குப் போர் விமானம் ஓட்ட வராது என்று மேலிடத்திலேயே நம்பிய காலத்தில், 1941 மார்ச்சில் அவர்களுக்கென்றே தொடங்கிய பிரிவு. அலபாமாவின் டஸ்கீகியில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச்சில் விமானிகளாகத் தேறியவர்கள் 5 பேர். பெஞ்சமின் டேவிஸ் அவர்களில் ஒருவர். 1943இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். அந்த ஆண்டு ஜூலை 2ஆம் நாள் சார்ல்ஸ் ஹால் ஒரு ஜெர்மானிய விமானத்தை வீழ்த்தினார். பிரிவுக்கு அதுதான் முதல் வான்வெற்றி. 1949இல் பிரிவை நிறுத்திவிட்டு, 1988இல் அதே எண்ணோடு ‘ஃபிளையிங் டிரெய்னிங் ஸ்குவாட்ரன்’ என்று மீண்டும் எழுப்பினார்கள்.

மாணவர்கள் ‘பறக்கும் பயிற்சிப் படை’ என்று எழுதி வந்திருக்கிறார்கள். பறப்பது படையா, பயிற்சியா? நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

அம்மா, வேரிலிருந்து வருவோம். ஸ்குவாட்ரன் இத்தாலிய ‘ஸ்குவாட்ரா’வின் வழி வந்தது. சதுரமாக வகுத்து நிறுத்திய படை என்பது பொருள். அதற்கும் அடியில் கிடப்பது நான்கைக் குறிக்கும் இலத்தீன் சொல். வடமொழிச் ‘சதுர்’ அதன் உடன்பிறப்பு. ஆகவே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் சதுரங்கமும் ஸ்குவாட்ரனும் ஒரே குடும்பம். நாம் நாற்படை என்றோம். பழைய கணக்கில் யானை 1, தேர் 1, குதிரை 3, காலாள் 5 சேர்ந்தால் ஒரு பத்தி; மூன்று பத்தி ஒரு சேனாமுகம்; மூன்று சேனாமுகம் ஒரு குல்மம். அளவை நோக்க, குல்மம் ஸ்குவாட்ரனுக்கு நெருங்கி வருகிறது.

விமானியை ‘வலவன்’ என்றே எழுதலாம். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறு 27ஆம் பாட்டிலேயே இருக்கிறது. பறப்புப் பயிற்சியும் நமக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் மன்னன் சச்சந்தன் மயில் வடிவில் பறக்கும் மயிற்பொறி செய்வித்து, அதை ஓட்ட அரசி விசயைக்குப் பழக்குகிறான். பொறியை வலமாகத் திருகினால் எழும், இடமாகத் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பாடாங் செராய்

ஐயா, குல்மம் வேண்டாம். சித்த மருத்துவத்தில் குன்மம் வயிற்று நோய். அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பதாகையைப் பாட்டி ஒருவர் படித்தால் நோயென்றே எடுத்துக்கொள்வார்.

நாளிதழ்கள் எழுதும் ‘படைப்பிரிவு’ம் எனக்கு உடன்பாடில்லை. ரெஜிமெண்டும் படைப்பிரிவு, பட்டாலியனும் படைப்பிரிவு என்றால் படிநிலையே காணாமல் போகிறது. இந்த வரலாற்றில் படிநிலை முக்கியம். 99ஆவது ஸ்குவாட்ரன் 1944இல் 332ஆவது குரூப்பில் போய்ச் சேர்ந்தது. அங்கே 100, 301, 302 என்ற எண்ணுள்ள ஸ்குவாட்ரன்கள் இருந்தன. ஸ்குவாட்ரன், குரூப் இரண்டையும் படைப்பிரிவு என்று எழுதினால் படைப்பிரிவு படைப்பிரிவில் சேர்ந்தது என்றாகிவிடும். இன்னொரு வம்பும் உண்டு. அமெரிக்கரிடம் குரூப்புக்கு மேலே விங். பிரிட்டிஷ் வான்படையில் விங்குக்கு மேலே குரூப். அவர்களுக்கே ஒத்துவராத இடத்தில் நாம் பெருங்குழு, சிறுகுழு என்று அளவைச் சொல்லுக்குள் வைத்துவிட்டால் பாதி இடங்களில் தவறாகிவிடும். ஸ்குவாட்ரனுக்கு அணி, குரூப்புக்குத் தொகுதி, விங்குக்குச் சிறகம் என்று அளவு காட்டாத சொற்களாக வைப்போம்.

அனுப்புநர்: முன்னாள் விமானப்படைத் தொழில்நுட்பர், பீடோங்

டீச்சர், நான் அலோர் ஸ்டாரில் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானங்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன். அங்கே தமிழர்கள் தமிழில் பேசும்போதும் ஸ்குவாட்ரன் என்றுதான் சொல்வோம். மலாயிலும் அதே சொல். நம் ஊருக்கும் அது புதிதில்லை. 1941 டிசம்பர் 8இல் ஜப்பான்காரன் சுங்கை பட்டாணி ஓடுதளத்தில் குண்டு போட்டபோது அங்கே நின்றவை பிரிட்டிஷ் 27ஆவது ஸ்குவாட்ரனும் ஆஸ்திரேலிய 21ஆவது ஸ்குவாட்ரனும். பால்மரத்துக்கு நடுவில் இருந்த சனங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள். பிள்ளைகளுக்குப் புரியும் சொல் கைவசம் இருக்கும்போது எதற்குப் புதுச் சொல்?

அனுப்புநர்: முன்னாள் கிராணி (தோட்ட எழுத்தர்), சுங்கை பட்டாணி

தோட்டத்தில் பிறந்த சொல் ஒன்று இருக்கிறதே. காலையில் ஆளெடுக்கும் பெரட்டு! ‘பரேட்’தான் பெரட்டு ஆனது. படைச்சொல்லை நம் சனங்கள் எப்போதோ தமிழாக்கிவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் கங்காணிக்குப் பின்னால் கும்பல் கும்பலாக நிற்பதும் ஸ்குவாட்ரன் நிற்பதும் ஒன்றுதான்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

கிராணியாருக்கு ஒரு சொல். பெரட்டு என்பதைத் ‘திரட்டு’ என்பதன் திரிபாக ஏன் கொள்ளக்கூடாது? ஆளைத் திரட்டும் இடந்தானே?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பாடாங் செராய்

தகரம் பகரமாகத் திரிய விதி ஏது ஐயா? பெரட்டு கூடுவதைக் குறிக்கும், கூடிய குழுவை அன்று. இதை இன்னொரு இழையில் பேசுவோம். வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

அனுப்புநர்: ஆசிரியை, பீடோங்

அணி எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பறப்புப் பயிற்சி அணி’ என்று எழுதிப் பார்த்தேன், அங்கும் உதைக்கிறது. பயிற்சி மருத்துவர் என்றால் பயில்கிறவர், பயிற்சிப் பள்ளி என்றால் பயிற்றுகிற இடம். பெயரை இப்படி எழுதினால், இன்னும் தேறாத அணி என்றே மாணவர்கள் படிக்கிறார்கள். 1993இல் டெக்சஸின் ராண்டால்ஃப் தளத்துக்கு வந்தபின் இந்த அணி ஏற்கெனவே விமானிகளாக இருந்தவர்களை டி-1 விமானத்தில் பயிற்றுநர்களாக்கியது. அதாவது ஆசிரியர்களின் ஆசிரியர். அவர்களைக் கற்றுக்குட்டிகளாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. பயில் தன்வினை, பயிற்று பிறவினை. ‘பறப்புப் பயிற்றணி’ என்றால் என்ன? உழுபடைபோல வினைத்தொகை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

பயிற்றணி செம்மையான சொல். ஆனால் ‘பறப்பு’ பறவையின் தொழில். வலவன் பறப்பதில்லை; ஊர்தியைச் செலுத்துகிறான். ‘வான்வலவப் பயிற்றணி’ என்பதே என் வாக்கு.

அனுப்புநர்: முன்னாள் விமானப்படைத் தொழில்நுட்பர், பீடோங்

விமானிகள் எல்லாரும் ‘நாளைக்குப் பறக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள் ஐயா. பறப்பு இருக்கட்டும்.

பெயரைவிட எனக்கு உறுத்துவது வேறு. பதாகை நகலில் ‘1949இல் கலைக்கப்பட்டது’ என்று பார்த்தேன். அது தவறு டீச்சர். படையில் கலைப்பது வேறு, செயல் நிறுத்தி வைப்பது வேறு. 1948இல் ட்ரூமன் படையில் இனப்பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். அதன்பிறகு கறுப்பினத்தாருக்கென்று தனி அணி தேவைப்படவில்லை, ஆட்கள் மற்ற அணிகளுக்குப் போனார்கள். எண்ணும் சின்னமும் போர்ச்சிறப்புகளும் ஏட்டில் அப்படியே இருந்தன. அதனால்தான் 1988இல் அரிசோனாவின் வில்லியம்ஸ் தளத்தில் வேறு ஆட்கள், வேறு விமானங்கள் வந்தும் அதே அணி என்று சொல்ல முடிந்தது. போரில் வாலுக்குச் சிவப்பு அடித்த ஞாபகமாக டி-1 விமானங்களின் வால் உச்சிக்கும் சிவப்பு அடித்தார்கள். கலைக்கப்பட்டது என்று போட்டால் இந்தத் தொடர்ச்சியே அறுந்துவிடும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பாடாங் செராய்

அண்ணன் சொல்வதுதான் இந்த இழையிலேயே முக்கியமான திருத்தம். ‘செயல் நிறுத்தப்பட்டது’, ‘மீண்டும் செயலுக்கு வந்தது’ என்று எழுதுங்கள். தொடர்ச்சிக்குக் ‘கொடிவழி’ பொருந்தும். அதில் கொடி படர்கொடிதான், ஆனாலும் படைக்கொடியை நினைத்துப் படித்தால் கெடுதல் இல்லை.

அனுப்புநர்: ஆசிரியை, பீடோங்

நன்றி அண்ணன், திருத்திவிட்டேன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் ‘பறப்புப் பயிற்றணி’ பக்கம். முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்குவாட்ரன் எனப்படும் அணி’ என்று போடுகிறேன். குரூப் தொகுதி ஆகிறது. கொடிவழிக்குத் தனிக்கட்டம் ஒதுக்கியாயிற்று. கோப்பு இன்றிரவு அச்சகத்துக்குப் போகிறது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை பட்டாணி

அச்சாகட்டும் அம்மா, தடுக்கமாட்டேன். ஆனால் ஸ்குவாட்ரனுக்கு அணி என்று கொடுத்துவிட்டால், அதனுள் அடங்கும் ஃபிளைட்டுக்கு என்ன வைப்பீர்கள்? அதைப் ‘பறப்பு’ என்றும் எழுத முடியாது. அந்தச் சொல்லையும் செலவழித்துவிட்டீர்கள். வலவன் பற்றிய என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்திருங்கள்.