பல்லாவரத்தில் தாத்தா வீடு: இடிக்காமல் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு (தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய தளம்) மழைக்கு ஒழுகுகிறது. இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசே வரவில்லை. சிமென்ட் பூசினால் நிற்குமா?

பதில் 1: சிமென்ட் மட்டும் வேண்டாம் சார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் தேக்கு உத்தரம் உளுத்துப்போனது. அப்புறம் கடுக்காய்த் தண்ணீர் கலந்த சுண்ணாம்பில் தளம் போட்டோம், ஒழுகல் நின்றது.

பதில் 2: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடத்துக்கு 100 மீட்டருக்குள் என்றால் புதிதாகக் கட்டவே முடியாது. அண்ணனிடம் சொல்லுங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் அல்லவா பல்லாவரம்!

கேட்டவர்: நன்றி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் பக்கத்தில் யாராவது உண்டா?