சைல்டு ஆர்ட்டிஸ்ட்: கால்ஷீட் கொடுக்கிறதுக்கு முன்னாடி

ராயபுரம் அண்ணாச்சி:
குழந்தையை சீரியல்ல நடிக்கக் கூப்பிட்டதும் எல்லாரும் கேக்கிறது "எத்தனை நாள், எவ்ளோ சம்பளம்". முதல்ல கேக்க வேண்டியது "கலெக்டர் பர்மிஷன் எடுத்தாச்சா சார்?" 2017-ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் விதிப்படி அதை வாங்க வேண்டியது தயாரிப்பாளர், நாம இல்ல. நம்ம சம்மதக் கடிதமும், செட்டுல குழந்தைக்குப் பொறுப்பு யாருன்னு பேரும் அதுல இருக்கணும். அஞ்சு குழந்தைக்கு ஒரு பொறுப்பாள்.

சறுக்குற இடம் இது: எந்த மாவட்டத்துல ஷூட்டிங்கோ அந்த கலெக்டர்தான் தரணும். பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலையில, சென்னை கலெக்டர் ஆபீஸ்ல வாங்கின பேப்பரை வெச்சிக்கிட்டு பையனூருக்கு ஷூட்டிங் வண்டி அனுப்புவாங்க. பையனூர் செங்கல்பட்டு மாவட்டம். பர்மிஷனுக்கு ஆயுசு ஆறு மாசம்தான், சீரியலோ வருஷக்கணக்குல ஓடும்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம், இடைவேளை இல்லாம 3 மணி நேரம், தொடர்ந்து 27 நாள். இதுக்கு மேல கூடாது. காலைல 9-க்கு வரச் சொல்லிட்டு முதல் ஷாட்டை மத்தியானம் 3-க்கு வெப்பாங்க. வெயிட்டிங் வேலை இல்லையாம், குழந்தைக்கு அது தெரியுமா? முந்தின ராத்திரியே மேனேஜருக்கு போன் போட்டு சீன் வரிசை கேட்டு, குழந்தை சீனை லஞ்சுக்கு முன்னாடி வைக்கச் சொல்லுங்க. அப்போதான் சொன்னா வேலைக்கு ஆகும், செட்டுல போய் கேட்டா நடக்காது.

கொருக்குப்பேட்டை கணக்குப்பிள்ளை:
சம்பளத்துல குறைஞ்சது 20% குழந்தை பேர்ல தேசியமயமாக்கப்பட்ட வங்கியில டெபாசிட்டா போகணும். 18 வயசுல அது புள்ளைக்கு. "மொத்தமா கையில தந்துடுறோம், நீங்களே போட்டுக்குங்க"ன்னா ஒத்துக்காதீங்க, ரசீது கேளுங்க.

பான் கார்டு எடுத்துடுங்க, இல்லைனா வரிப்பிடித்தம் எகிறும். நடிச்சு வந்த பணம் குழந்தையோட சொந்த வருமானம், அதை அப்பா கணக்குல சேர்க்க வேணாம். அந்த டெபாசிட்டுக்கு வர்ற வட்டி மட்டும் பெத்தவங்க வருமானத்தோட சேரும். இதை விட்டுட்டு நோட்டீஸ் வந்து முழிக்கிறவங்க உண்டு.

தண்டையார்பேட்டை அக்கா:
பேப்பரை அவங்க சொல்லிட்டாங்க, நான் செட்டுக்குள்ள வரேன். வீட்ல வசனத்தை ராகம் போட்டு ஒப்பிக்க வைக்காதீங்கம்மா. சீரியல்ல அசிஸ்டென்ட் கேமரா பக்கத்துல நின்னு ப்ராம்ப்ட் பண்ணுவார், குழந்தை காதுல வாங்கிச் சொன்னா போதும். ஒப்பிச்ச குழந்தை எதிர்ல பேசுறவங்க முகத்தைப் பார்க்காது, தன் முறை எப்போன்னு உதட்டை அசைச்சுக்கிட்டே நிக்கும். குளோசப்ல அப்பட்டமா தெரியும், டேக் மேல டேக் போகும். வசனம் ஒரு வார்த்தை மாறிட்டா மொத்தமும் மறந்துடும். சீன்ல யார் மேல கோவம், ஏன் கோவம்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

அப்புறம் பல்லு. ஆறு, ஏழு வயசுல கீழ் முன்பல் ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே அசோசியேட் டைரக்டர்கிட்ட சொல்லிடணும். கதவைத் தொறக்கிற ஷாட் இந்த வாரம், உள்ள வர்ற ஷாட் அடுத்த வாரம்னா வெளிய பல்லு இருக்கும், உள்ள இருக்காது. முன்னாடியே சொன்னா அந்த சீனை முதல்ல எடுத்துடுவாங்க. கட்டுப்பல் வெச்சா "ச" குழறும், செட்டுலேயே குரலைப் பதியிற லைவ் சவுண்டுல அது தலைவலி. முடி வெட்டுறதும் ஷெட்யூல் முடியிற வரைக்கும் கேக்காம செய்யாதீங்க.

மேக்கப் ஸ்பாஞ்சு, டவல் சொந்தமா கொண்டு போங்க. அழுகை சீனுக்கு கிளிசரின் எடுத்தா வேணாம்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு.

ராயபுரம் அண்ணாச்சி:
அக்கா சொன்னதோட ஒண்ணு. ஆடிஷனுக்கு போர்ட்ஃபோலியோ, அதாவது போட்டோ ஆல்பம் எடுக்கணும்னு ஆயிரக்கணக்குல பணம் கேட்டா நகர்ந்துடுங்க. போன்ல ஃபில்டர் இல்லாம நேரா, பக்கவாட்டுல, முழு உருவம்னு மூணு படம், ஒரு நிமிஷ அறிமுக வீடியோ, இன்னிய தேதியில அளந்த உயரம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க, புள்ளைங்க வளர்ந்துடும். வடபழனிப் பக்கம் வரச் சொன்னா தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறிக்குங்க, பைக்ல கூட்டிட்டுப் போனா தூசில முகம் வாடிடும்.