முதல் செமஸ்டர் கால்குலஸ்: மதிப்பெண் எங்கே கரைகிறது?

விடைத்தாள் திருத்துபவர்

பொறியியல் முதலாண்டு விடைத்தாள்களில் விதி தெரியாமல் விட்ட இடம் குறைவு. விதி தெரியும், ஆனால் அது இங்கே செல்லுமா என்று பார்ப்பதில்லை. மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

லோபிதால் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 0/0 என்று வரும் எல்லைக் கணக்கில் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டுப் பார்க்கும் விதி. (1 − கொசைன் எக்ஸ்) / (எக்ஸ்² + எக்ஸ்), எக்ஸ் 0-ஐ நெருங்குகிறது. முதலில் 0/0, சரி, வகையிடலாம். சைன் எக்ஸ் / (2எக்ஸ் + 1) என்று வரும். இப்போது 0-ஐப் போட்டால் 0/1. விடை 0, கணக்கு முடிந்தது. ஆனால் கை நிற்பதில்லை. இன்னொரு முறை வகையிட்டு, கொசைன் எக்ஸ் / 2 என்று எழுதி, 1/2 என்று கட்டம் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை வகையிடும் முன்பும் தொகுதியிலும் பகுதியிலும் மதிப்பைப் போட்டுப் பார்த்து, ஓரத்தில் '0/0' என்று எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் விதியைத் தொடக்கூடாது.

அடுத்தது கால்குலேட்டர். சைன் எக்ஸ் / எக்ஸ் 1-க்குப் போகிறதா என்று சோதிக்க எக்ஸ் = 0.01 போட்டு, விடை 0.01745 வந்ததும் குழம்புகிறார்கள். கருவி டிகிரியில் இருக்கிறது. 0.01745 என்பது பை/180. கால்குலஸில் வரும் கோணம் எல்லாமே ரேடியன்தான். சைனை வகையிட்டால் கொசைன் என்பதே ரேடியனில் மட்டும் உண்மை.

டுடோரியல் வகுப்பு எடுப்பவர்

மேலே சொன்னதோடு பிரதியிடலையும் சேர்க்க வேண்டும். எக்ஸ் × (எக்ஸ்² + 1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிடச் சொன்னால், எக்ஸ்² + 1-ஐ யூ என்று வைப்பது எல்லோருக்கும் வருகிறது. மாறி மாறியதும் எல்லைகளும் மாற வேண்டும் என்பதுதான் விட்டுப்போகிறது. எக்ஸ் 0 என்றால் யூ 1, எக்ஸ் 2 என்றால் யூ 5. தொகை யூ⁴/8, ஆக (625 − 1)/8 = 78. பழைய 0, 2-ஐயே யூ-வுக்குப் போட்டால் 16/8 = 2. எழுபத்தெட்டுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சங்கிலி விதியில் உள்ளே இருக்கும் கடைசி அடுக்கு தவறும். சைன்²(3எக்ஸ்)-இல் மூன்று அடுக்கு: வர்க்கம், சைன், 3எக்ஸ். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக வகையிட்டுப் பெருக்கினால் 2 × சைன் 3எக்ஸ் × கொசைன் 3எக்ஸ் × 3, அதாவது 3 சைன் 6எக்ஸ். சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். எக்ஸ் = 0.101, 0.099 இரண்டிலும் சார்பின் மதிப்பை எடுத்து, வித்தியாசத்தை 0.002-ஆல் வகுங்கள். சுமார் 1.69 வரும், 3 சைன் 0.6-உம் அதுவே. கடைசி 3-ஐ விட்டவருக்கு 0.56 வரும், தவறு உடனே தெரிந்துவிடும்.

மூடிய இடைவெளியில் பெருமம், சிறுமம் கேட்டால் முனைப்புள்ளிகளை மறக்காதீர்கள். எக்ஸ்³ − 3எக்ஸ், இடைவெளி 0 முதல் 3 வரை. வகைக்கெழு பூச்சியமாவது 1, −1-இல். −1 இடைவெளிக்கு வெளியே இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். 0, 1, 3-இல் மதிப்புகள் 0, −2, 18. பெருமம் 18, முனையில்தான் கிடைக்கிறது.

1/எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை தொகையிட்டு −2 என்று எழுதுவதை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். எங்கும் மிகையாக இருக்கும் சார்பின் பரப்பு குறையாக வருமா? நடுவில் 0-இல் சார்பு எல்லையில்லாமல் உயர்கிறது, அதனால் அந்தத் தொகையீடு விரியும், அதாவது முடிவான மதிப்பே கிடையாது. தொகையிடும் முன் பகுதி எங்கே பூச்சியமாகிறது என்று பாருங்கள்.

இரண்டு மாறிகள் பகுதி நடத்துபவர்

ஆய்லர் தேற்றம் பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கிறது, இருந்தும் ஒரே கேள்வி ஆண்டாண்டாக ஆளைக் கவிழ்க்கிறது. யூ = டேன் இன்வர்ஸ் [(எக்ஸ்³ + ஒய்³) / (எக்ஸ் − ஒய்)]. கேட்பது எக்ஸ் × (எக்ஸ்-ஐப் பொறுத்து யூ-வின் பகுதி வகைக்கெழு) + ஒய் × (ஒய்-ஐப் பொறுத்து யூ-வின் பகுதி வகைக்கெழு). சமபடித்தான சார்புக்கு இந்தக் கூட்டல் படி × சார்பு என்பதே தேற்றம், அதனால் விடை 2யூ என்று எழுதுவார்கள். யூ சமபடித்தான சார்பே இல்லை. டேன் யூ-தான் சமபடித்தானது, படி 2. தேற்றத்தை டேன் யூ-வுக்குப் போட்டு, அதை வகையிடும்போது வரும் செக்² யூ-வால் இருபக்கமும் வகுத்தால் 2 டேன் யூ / செக்² யூ, அதாவது சைன் 2யூ. தேற்றத்தை எழுதும் முன் எக்ஸ், ஒய் இரண்டையும் டி-யால் பெருக்கிப் பாருங்கள். டி வெளியே வரவில்லையென்றால் நேரே போடக்கூடாது.

இரட்டைத் தொகையீடு கல்லூரியில்தான் முதன்முதலாக வருகிறது, அதிக நேரம் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான். எக்ஸ், ஒய் இரண்டில் எதை முதலில் தொகையிடுவது என்ற வரிசையை மாற்றும் கணக்கில் படம் வரையாமல் தொடங்குபவர் தப்புவது அரிது. எக்ஸ் × ஒய், ஒய் எக்ஸ்²-இலிருந்து 2 − எக்ஸ் வரை, எக்ஸ் 0 முதல் 1 வரை. பலர் உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே என்று அப்படியே தூக்கி வைக்கிறார்கள். அப்போது விடையிலும் எக்ஸ் தங்கிவிடும். எண்ணாக வர வேண்டிய இடத்தில் மாறி நின்றால் எல்லை தவறு.

பரவளையத்தையும் கோட்டையும் வரையுங்கள். அவை (1, 1)-இல் சந்திக்கின்றன. கோடு ஒய் அச்சை (0, 2)-இல் தொடுகிறது. கணக்கில் கொடுத்தது செங்குத்துப் பட்டை. இப்போது கிடைப்பட்டை போட வேண்டும். அதன் இடமுனை எப்போதும் எக்ஸ் = 0. வலமுனை ஒய் 1-க்குக் கீழே பரவளையத்தில் முட்டும், மேலே கோட்டில் முட்டும். முட்டும் வளைவு மாறுவதால் பகுதியை ஒய் = 1-இல் இரண்டாக உடைத்தே ஆக வேண்டும். கீழே எக்ஸ் 0 முதல் √ஒய் வரை, தொகை 1/6. மேலே எக்ஸ் 0 முதல் 2 − ஒய் வரை, தொகை 5/24. கூட்டினால் 3/8. நேரம் இருந்தால் பழைய வரிசையிலும் செய்து பாருங்கள், அதே 3/8 வர வேண்டும்.

விடைத்தாள் திருத்துபவர்

போலார் ஆயங்களையும் சொல்லிவிடலாம், அதாவது புள்ளியை மையத்திலிருந்து தொலைவு ஆர், கோணம் தீட்டா என்று குறிக்கும் முறை. டிஎக்ஸ் டிஒய்-க்குப் பதில் ஆர் டிஆர் டிதீட்டா. அந்த ஆர்-ஐ விட்டால் ஏ ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 2 × பை × ஏ என்று வரும், அது சுற்றளவு. பரப்பு கேட்ட கணக்கில் நீளத்தின் அலகு வந்தால் ஆர் விழுந்துவிட்டது, திரும்பிப் போய்த் தேடுங்கள்.