கைவேலை வெள்ளி நகையில் போகாத சாம்பல் நிறத் திட்டு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 92.5 தர வெள்ளியில் மிஞ்சி, தொங்கட்டான் போன்ற சிறு நகைகளைக் கையாலேயே செய்து வருகிறேன். மெருகேற்றும் கட்டத்தில் தோன்றும் ஒரு சிக்கலுக்குப் பட்டறை அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்.

பற்றவைத்ததை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு எடுத்து, அரம் போட்டு, 400 முதல் 1200 வரையிலான எமரித் தாள்களால் ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றித் தேய்த்து, முந்தைய கீறல்கள் முற்றிலும் மறைந்த பிறகே பஃபிங் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறேன். முதல் கட்ட மெருகுப் பசையான ட்ரிபோலி வரை எல்லாம் சரியாகவே தெரிகிறது. கடைசி மெருகுக்கான சிவப்பு ரூஜ் பசையில் பளபளப்பு ஏறியதும்தான், பற்றவைத்த இடத்தைச் சுற்றி ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மேகம்போல் ஒரு திட்டு வெளிப்படுகிறது. பூந்திக்கொட்டை நீரில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தாலும் அது அசைவதில்லை.

கலவையில் உள்ள செம்பு சூட்டில் மேற்பரப்புக்கு அடியில் ஆக்சைடாக மாறுவதே காரணம் என்பது தெரியும். தட்டையான இடத்தில் தேய்த்தே எடுத்துவிடலாம். முத்து முத்தாக உருண்டை வைத்த வேலையில் அரம் நுழையாது, நுழைந்தாலும் வேலையின் அழகு கெட்டுவிடும்.

இந்தத் திட்டு வராமல் தடுக்க போரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கலந்து பூசிப் பற்றவைப்பவர்கள், அதை நகை முழுவதும் பூசுகிறீர்களா? சுட்டு அமிலத்தில் போடுவதைத் திரும்பத் திரும்பச் செய்து, மேலே தூய வெள்ளிப் படலத்தை வரவழைத்தால், தினமும் அணியும் மிஞ்சியில் அது எவ்வளவு காலம் நிற்கும்? ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தை முலாமாகப் பூசி மறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். வெள்ளியின் இயல்பான நிறத்தை விரும்பிக் கேட்பவர்களுக்குத்தான் செய்து தருகிறேன்.