காலைச் செபத்தின்போது மகனை வெளியே வைத்திருக்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கல்லடி அம்மா எழுதியது:

மகனுக்கு ஏழு வயது. மட்டக்களப்பில் திருச்சபை தொடங்கிய ஒரு பாடசாலையில் தரம் 2 படிக்கிறான். நான்கு வயதில் ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னார். பேச்சு மிகவும் குறைவு. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். ஆனால் எழுத்துகளும் எண்களும் அவனுக்கு அத்துப்படி. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டியதும் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து விரலால் காற்றில் எழுதிக்கொண்டே வருவான். என் அம்மாவின் செபமாலையில் ஒரு மணி உதிர்ந்துபோனதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். 59 மணி இருக்க வேண்டும், 58தான் இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு அம்மம்மாவின் மடியில் கொண்டுபோய்ப் போட்டு அழுதான்.

பிரச்சினை காலைச் செபம். ஏழரைக்கு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒலிபெருக்கியில் செபம், பிறகு பாடல், பிறகு அறிவித்தல்கள். மகன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கத்துவான். ஒரு நாள் வரிசையை விட்டு வாயிற்கதவு வரை ஓடியிருக்கிறான். கதவுக்கு வெளியே பிரதான வீதி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அதன் பிறகு, எட்டு மணிக்குப் பிறகு அழைத்து வாருங்கள் என்று வகுப்பாசிரியை சொன்னார். அவர் நல்லவர், எரிச்சலோடு சொல்லவில்லை. இரண்டு மாதமாக எட்டேகாலுக்குத்தான் கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் பாடம் தொடங்கிய பிறகு நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் நேரே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். போன கிழமை அதிபர் அழைத்து, விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்கு மாற்றுவதுதான் பிள்ளைக்கு நல்லது, மற்றப் பெற்றோரும் முறைப்பாடு செய்கிறார்கள் என்றார். அன்று வாயிலில் நின்ற ஒரு தாய், யார் செய்த பாவமோ என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாலையில் திண்ணையில் இருந்து மகன் ஒரு ராகத்தை முனகுவான். பல நாள் கவனித்த பிறகுதான் விளங்கியது, அது காலையில் பாடசாலையில் பாடும் பாடல். சொல் ஒன்றும் இல்லை, ராகத்தில் ஒரு பிழையும் இல்லை. கத்திக்கொண்டு நின்ற பிள்ளை அதை எப்போது கேட்டான்? அவன் அந்தச் செபத்தை வெறுக்கவில்லை என்று என் மனம் சொல்கிறது. அப்படியிருக்க அவனை வெளியே வைக்க நான் சம்மதிக்கலாமா? அலகுக்கு மாற்றுவதுதான் சரியா? இன்னும் இரண்டு வருடத்தில், பிள்ளைகள் முதன்முதலாகத் திவ்விய நற்கருணை வாங்க ஆயத்தப்படுத்தும் முதல் நன்மை வகுப்பு வரும். அதிலும் இப்படித்தான் சொல்வார்களா?

தரம் 3 ஆசிரியை எழுதியது:

அக்கா, நானும் இதே மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். என் வகுப்பில் 37 பிள்ளைகள். ஓட்டிசம் உள்ள மகள் ஒருத்தி போன வருடம் வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. பயிற்சிக் கலாசாலையில் விசேட கல்வி பற்றி ஒரு பாடம் படித்தோம். பரீட்சை எழுதினோம். அந்தப் பிள்ளை முதல் நாள் என் கையைக் கடித்தபோது அதில் ஒரு வரியும் உதவவில்லை. உங்கள் வகுப்பாசிரியையும் அப்படித் தனியாகத்தான் நிற்பார். அவரை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மகனைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எதற்குப் பயப்படுவான், எதைத் தந்தால் அமைதியாவான், மலசலகூடம் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான். அந்த மகளின் தாய் எனக்கு அப்படி ஒரு தாள் தந்தார். அதை இன்றும் வரவு இடாப்புக்குள் வைத்திருக்கிறேன்.

கல்முனை ரீச்சர் (விசேட கல்வி, ஓய்வு) எழுதியது:

மகள், முதலில் வாயிற்கதவு. அதை நாளைக்கே பேசுங்கள். ஏழு இருபத்தைந்திலிருந்து செபம் முடியும் வரை கதவு பூட்டியிருக்க வேண்டும், அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம். இதற்கு மட்டும் நாள் தள்ள வேண்டாம்.

இனிச் செபத்துக்கு வருவோம். எது அவனை வருத்துகிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. என்னிடம் ஒரு மகன் படித்தான். ஒவ்வோர் இடைவேளைக்கும் அலறுவான். பசி என்று ஒருவர் சொன்னார், பிடிவாதம் என்று இன்னொருவர் சொன்னார். பள்ளிக்கூட மணியாக ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள், அது அவனுடைய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. அதைக் கழற்றி மாமரத்தில் கட்டினோம். அலறல் நின்றது. அந்தப் பிள்ளையைத் திருத்தவென்று நாங்கள் வேறொன்றும் செய்யவில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஒலி நாம் கேட்கிற அளவில் கேட்பதில்லை. ஒலிபெருக்கி ஒரு தடவை கிறீச்சிட்டால் நாம் முகத்தைச் சுளித்துவிட்டு மறந்துவிடுவோம், அவர்களுக்கு அது உடம்பில் வலிக்கும். மகனை வருத்துவது மணியா, கிறீச்சா, முன்னும் பின்னும் பிள்ளைகள் நெருக்கி நிற்பதா? மூன்று காலை நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். எந்த நொடியில் கை காதுக்குப் போகிறது என்று எழுதி வையுங்கள்.

ராகத்தை முனகுகிறான் என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். அவன் பாடலுக்கு உள்ளேதான் நிற்கிறான், மகள். ஒலியின் அளவைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஆகவே வெளியே வைப்பதற்குச் சம்மதிக்க வேண்டாம், தூரத்தில் வைப்பதற்குச் சம்மதியுங்கள். இரண்டும் வேறு. நூலகத்திலோ முற்றத்தைப் பார்த்த ஒரு விறாந்தையிலோ, ஒலிபெருக்கியின் வாய் திரும்பாத பக்கமாக, தெரிந்த ஒருவரோடு நிற்கட்டும். காதை மூடும் கருவி கிடைத்தால் போட்டுவிடுங்கள். முதற்கிழமை பாடலுக்கு மட்டும் நின்றால் போதும். தாங்கினால் அடுத்த கிழமை ஒரு தூண் முன்னால். தாங்காவிட்டால் ஒரு தூண் பின்னால், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. வருட முடிவிலும் அவன் விறாந்தையிலேயே நின்றால், அங்கே நின்றுதான் அவன் செபிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு வேலையும் இருக்க வேண்டும். எண் தெரிந்த பிள்ளை, அன்றைய பாடலின் இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதுவது அவன் பொறுப்பாக இருக்கட்டும். ஏழு இருபதுக்கு முற்றம் அமைதியாக இருக்கும்போது வந்து எழுதுவான். பிந்தி வந்து எல்லோரும் திரும்பிப் பார்க்கும் பிள்ளையாக இல்லாமல், முதலில் வந்து எழுதிவைக்கும் பிள்ளையாக மற்றவர்கள் அவனைக் காண்பார்கள். வாயில், கரும்பலகை, விறாந்தை, வகுப்பு, இந்த நான்கையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வரிசையாக ஒட்டிக் கொடுங்கள். இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு வரைந்த படத்தைவிட அவனுடைய பாடசாலையின் படமே எளிதில் விளங்கும்.

அலகைப் பற்றி. 30 வருடம் அலகில் இருந்தவள் சொல்கிறேன், நல்ல அலகு பெரிய கொடை. பயிற்சி பெற்ற ஆசிரியர், குறைந்த பிள்ளைகள். ஆனால் நாள் முழுவதும் நிறம் தீட்ட வைத்துவிட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் அலகுகளும் உண்டு. போய் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். அங்கே எத்தனை பிள்ளைகள் சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் சாதாரண வகுப்பில் போய் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே மகன் நன்றாகப் படிப்பான் என்று தோன்றினால் மாற்றுங்கள். முற்றத்தில் வரிசை குலைகிறது என்பதற்காக மாற்றாதீர்கள்.

அதிபரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். நமது பழைய மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசிடம் போனவை. பெயரில் புனிதர் இருந்தாலும் வலயக் கல்வி அலுவலகத்தின் கீழ்தான் நடக்கின்றன. அங்கே விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் இருப்பார். அவரையும் வகுப்பாசிரியையையும் வைத்து ஒரு சந்திப்புக் கேளுங்கள். உடல், உள இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சேர்த்துவிட்டுப் பிறகு மெல்ல வெளியே தள்ளுவதும் அந்தச் சட்டத்தின் மனதுக்கு விரோதம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் அதிபருக்கு நினைவூட்டலாம். இந்த நாட்டில் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கு முதற் பாடசாலையை 1912இல் தொடங்கியவர் மேரி சப்மன் என்ற கிறிஸ்தவ மிஷனரிப் பெண்மணி. இரத்மலானையில் இருக்கிற பாடசாலை அதுதான். கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையும் அந்த வழியில் வந்தது. வேறு யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சேர்த்த மரபு நம்முடையது.

வாயிலில் நின்ற அந்தத் தாய்க்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு சீடர்கள் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொல்லிவிட்டார்.

அக்கரைப்பற்று அப்பா எழுதியது:

தங்கச்சி, ரீச்சர் சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் மெதடிஸ்த சபை. எங்கள் மகளையும் பெயர் பெற்ற பாடசாலை ஒன்றில் மூன்று வருடம் வைத்திருந்தோம். விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பிடிவாதம் என்னுடையது. மூன்று வருடமும் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. அலகுக்கு மாற்றிய முதல் தவணையிலேயே தன் பெயரை எழுதினாள், தண்ணீர் வேண்டும் என்று வாயால் கேட்டாள். அந்த மூன்று வருடத்தை என்னால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்கள் மகனின் நிலை வேறாக இருக்கலாம். ஆனால் அலகு என்றால் தோல்வி என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தாண்டவன்வெளி மறையாசிரியர் எழுதியது:

முதல் நன்மை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் கலங்க வேண்டாம். மறைக்கல்விக்கென்று வத்திக்கான் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது: இயலாமை உள்ளவர்களுக்கு, நன்மை போன்ற அருட்சாதனங்களை யாரும் மறுக்க முடியாது. வழிபாடு அறிவால் விளங்கிக்கொள்ளப்படுவதற்கு முன்பே வாழப்பட வேண்டியது என்று அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். மந்திரங்களை ஒப்புவித்தால்தான் என்று யாராவது சொன்னால் பங்குத்தந்தையிடம் நேரே போங்கள்.

ஆயத்தத்தை இப்போதே தொடங்கலாம். வார நாளில், ஆலயம் வெறுமையாக இருக்கும் மாலைகளில் அழைத்து வாருங்கள். மின்விசிறியின் இரைச்சல், மெழுகு மணம், பீடத்துக்கு நடக்கும் தூரம் எல்லாம் பழகட்டும். சில பிள்ளைகளுக்கு அப்பத்தின் தன்மை நாவில் ஒட்டாது, துப்பிவிடுவார்கள். பூசையில் இன்னும் வசீகரிக்கப்படாத, அதாவது அர்ச்சிக்கப்படாத, அப்பத்தைப் பங்கில் கேட்டு வாங்கி, சிறு துண்டிலிருந்து பழக்கலாம். நன்மை வாங்கும்போதும் சிறு துண்டே போதும்.

கல்லடி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், நீங்கள் சொன்னபடி மூன்று காலை தள்ளி நின்று பார்த்தேன். மணிக்கு அவன் அசையவில்லை. பிள்ளைகளின் பாட்டுக்கும் அசையவில்லை. அறிவித்தலுக்காக ஒலிவாங்கியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கும்போது ஒரு கிறீச்சு வருகிறது, கை அப்போதுதான் காதுக்குப் போகிறது. ஆசிரியையிடம் சொன்னேன். இத்தனை நாள் நாங்கள் யாரும் கவனிக்கவில்லையே என்று அவர் கண் கலங்கினார்.

அதிபர் இந்தத் தவணை முடியும் வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். வாயிற்கதவை இப்போது காவலாளி பூட்டுகிறார். அரிசி ஆலையில் வேலை செய்யும் என் தம்பி தன் காது மூடியைத் தந்தான். மகனுக்குப் பெரிது, பின்னால் ஒரு துணியை மடித்து வைத்துக் கட்டியிருக்கிறேன்.

நேற்று ஏழு இருபதுக்குப் போனோம். ஆசிரியை வெண்கட்டியைக் கையில் கொடுத்து இலக்கத்தைச் சொன்னார். 47. பலகை முழுவதையும் நிறைத்து எழுதினான். பிறகு நூலக விறாந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாம் சரணத்தில் காது மூடியை ஒரு பக்கம் தூக்கினான். மூன்றாவதில் மீண்டும் மூடிக்கொண்டான். கத்தவில்லை. செபம் முடிந்து ஒரு பெரிய பிள்ளை பலகையை அழிக்க வந்தபோதுதான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். இடைவேளை வரைக்கும் இருக்கட்டும் என்று ஆசிரியை விட்டுவிட்டார்.

அக்கரைப்பற்று அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வியாழக்கிழமை அலகைப் பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன். ரீச்சர், இன்னும் ஒரு கேள்வி: படங்களை மட்டையில் ஒட்டிக் கொடுத்தேன், ஒரே நாளில் மூலைகளை மென்றுவிட்டான். எதில் ஒட்டினால் நிற்கும்?