'டிரெம்பிள்', 'ஷிவர்' வேறுபாட்டை விளக்க உதவி தேவை
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை எழுதவிருக்கும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். குளிர், அச்சம், அருவருப்பு எதுவானாலும் கட்டுரையில் 'ஷேக்' என்றே எழுதிவந்தார்கள். குளிரில் உடல் நடுங்குவது 'ஷிவர்', அழுகைக்கு முன் உதடு துடிப்பது 'குவிவர்', அருவருப்பில் உடல் சட்டெனக் குலுங்குவது 'ஷடர்' என்பதை அகராதிகளைக் கொண்டும் நடித்துக் காட்டியும் புரியவைத்துவிட்டேன். ஆர்வமுள்ள பிள்ளைகள், விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். 'டிரெம்பிள்' மட்டும் பிடிபடவில்லை. அச்சம், சினம், தளர்ச்சி ஆகியவற்றோடு குளிரையும் அகராதிகள் அதற்குக் காரணமாகத் தருவதால், மலாயில் இரண்டுக்கும் 'மெங்கிகில்' என்றே பழகியவர்கள் அதை 'ஷிவர்' என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். தேர்வும் நெருங்குகிறது. அச்சத்தால் நடுங்கும் ஒருவரைப் பற்றி எழுதும்போது இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு விளக்கலாம்?